நார்வே ராஜா செலவில் கொன்றை வேந்தன்

டோர்ஸ்டைன் புக்கே ஹோவர்ஸ்தாத் என்று ஒரு நார்வேக்காரர். பெயரைப் படிக்கும்போது வாயில் சூடான கொழுக்கட்டை மாட்டிக்கொண்டது போலிருந்தால் பயப்படாதீர்கள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பாகத்தையும் 1980, 81ல் நார்வே மொழியில் கொண்டுவந்தவர். வேடிக்கை என்னவென்றால், டோல்கீன் தன்னுடைய குள்ளர்களுக்குப் பெயர் வைத்ததே பழைய நார்ஸ் பாட்டு ஒன்றிலிருந்து சுட்டுத்தான். ஆக, ஹோவர்ஸ்தாத் செய்தது திருநெல்வேலிக்கே அல்வா பார்சல் அனுப்பிய வேலை!

இதைப் படித்ததும் எனக்கு ஊர்ப்பாசம் பொங்கிவிட்டது. பத்துத் தலை, ஆயிரம் கண், மயில் வாகனம், யானைத் தலை என்று சரக்கைக் குடோன் குடோனாக வைத்திருப்பது நம் காவிரி டெல்டா. இங்கிருந்து யாராவது நார்வே பக்கம் ஒரு லோடு அனுப்பியிருக்கிறார்களா? (புராணத்தை ஃபேன்டஸி வரிசையில் வைத்ததற்காக யாரும் செருப்பைத் தேட வேண்டாம். பொறாமையில் சொல்கிறேன். அவர்களுக்கு டோல்கீன் என்று ஒரே ஒரு எழுத்தாளர்தான். நமக்கு ஊருக்கு ஒரு ஸ்தல புராணம்.)

அனுப்பியிருக்கிறார்கள். 1713லேயே. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் சேர்த்து ராஜாவாக இருந்தவரின் செலவில். பார்சல் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்த மேனேஜர் பிரித்துப் பார்த்துவிட்டுப் பரணில் தூக்கிப் போட்டார். அது வேறு கதை என்று சொல்ல வந்தேன். இல்லை, அதுதான் கதை.

இடம் தரங்கம்பாடி. பொறையாறில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடல் காற்று வரும் திசையில் நடந்தால் போதும். திடீரென்று மஞ்சள் பூசிய ஒரு டேனிஷ் கோட்டை, பக்கத்தில் கடல் பாதி தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், நடுவே ஐஸ்கிரீம் வண்டி. கோட்டை 1620ல் வந்தது. ஓவே யெத்தே என்ற இருபத்தைந்து வயதுப் பையன் கப்பலில் வந்து இறங்கி, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் பேசி, வருஷத்துக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு இடம் பிடித்தான். நாயக்கர் தாமே தெலுங்கில் ராமாயணம் பாடிய கவிஞர். கவிஞர்கள் வெறும் ஓலையிலா லெட்டர் போடுவார்கள்? தங்கத் தகட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தனுப்பினார். அது இன்றைக்கும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாடகைப் பத்திரத்தைத் தங்கத்தில் போட்ட ஹவுஸ் ஓனர் உலக சரித்திரத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும்.

யெத்தே ஊர் திரும்பி, பிற்காலத்தில் நார்வேக்குப் போய், கோங்ஸ்பெர்க் வெள்ளிச் சுரங்கத்துக்கு மேலாளர் ஆனார். தஞ்சாவூரில் தங்கம், நார்வேயில் வெள்ளி. ஜோசியம் பார்த்திருந்தால் ‘உலோகத்தில் அதிர்ஷ்டம்’ என்று சொல்லியிருப்பார்கள். தரங்கம்பாடியில் அவர் விட்டுப்போன கம்பெனியோ மிளகு, துணி, கடன் என்று எண்பது வருஷம் இழுத்துக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் ராஜா நாலாம் ஃபிரெடெரிக்குக்கு ஒரு ஞானோதயம். நம் கொடி பறக்கிற ஊரில் ஜனங்களுக்கு நல்வழி காட்ட ஆள் அனுப்ப வேண்டாமா? வேண்டும்தான், ஆனால் யார் போவது? ராஜாவின் அரண்மனைப் பாதிரியார் டென்மார்க்கில் தேடினார், ஆள் அகப்படவில்லை. கடைசியில் ஜெர்மனியிலிருந்து இரண்டு பேரைப் பிடித்தார்கள். டென்மார்க்-நார்வே ராஜாவின் வேலை, ஜெர்மன் ஆட்கள், போகிற ஊரில் பேச்சு தமிழ், வெள்ளைக்காரரும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொள்ள போர்த்துகீசியம். இன்றைக்கு பெங்களூரு ஐடி கம்பெனி நடத்துகிறவர்களுக்கு இதில் புதுமை எதுவும் தெரியாது.

இரண்டு பேரில் ஒருவர் ப்ளூட்ஷௌ. அவர் போர்த்துகீசியத்தை எடுத்துக்கொண்டு, 1711ல் ஊருக்குத் திரும்பிவிட்டார். புத்திசாலி. இன்னொருவர் பார்த்தலோமேயு சீகன்பால்க். லுத்தரன் சபையில் பாதிரியாரை ‘ஐயர்’ என்று அழைப்பது வழக்கம் என்பதால் நம் ஊர்ப் பேச்சில் அவர் சீகன்பால்கு ஐயர். முதன்முறை இந்தப் பெயரைக் கேட்டபோது கும்பகோணத்தில் வெற்றிலைச் சீவலும் கடுக்கனுமாக ஒருத்தரைக் கற்பனை செய்துகொண்டேன். படத்தைப் பார்த்தால் சுருள் முடியும் வெள்ளைப் பட்டியும் வைத்த ஒல்லிப் பிள்ளை.

பிறந்த ஊர் சாக்ஸனியில் புல்ஸ்னிட்ஸ். அந்த ஊருக்கு ஒரே புகழ், 1558லிருந்து சுடுகிற ‘மிளகு கேக்’. மிளகு என்று பெயரில் இருக்கிறதே தவிர மிளகைத் தேடினால் கிடைக்காது. கீழை நாட்டு மசாலா எல்லாமே அவர்களுக்கு அந்தக் காலத்தில் ‘மிளகு’. அதே கணக்கில் தமிழ்நாட்டுக்காரர் எல்லாரும் அவர்களுக்கு ‘மலபார்’. கோரமண்டல் கரையில் உட்கார்ந்து தமிழ் பேசுகிறவனை மலபார்காரன் என்றார்கள். நம் ஆளும் கடைசிவரை தம் புத்தகங்களுக்கு ‘மலபார்’ என்றே தலைப்பு வைத்தார். இலக்கணப் புத்தகத்துக்கு மட்டும் லத்தீனில் ‘கிராமாடிகா தமுலிகா’. தலைப்பிலேயே ஸ்பெல்லிங் மிஸ்டேக் போல ஒலிக்கும் இலக்கண நூல்!

1705 நவம்பரில் கிளம்பிய கப்பல், 1706 ஜூலை 9ல் தரங்கம்பாடி. வந்தவர்களை வரவேற்க மாலை, மேளம்? கவர்னர் ஹாஸியுஸ் ஊர் வாசலில் அவர்களை வெகுநேரம் காக்கவைத்தார். கம்பெனிக்காரருக்கு இந்தப் பிரசங்கிகள் வந்தது துளியும் பிடிக்கவில்லை. வியாபாரம் நடக்கிற இடத்தில் யோக்கியன் வந்தால் யாருக்குப் பிடிக்கும்? ராஜாவின் கடிதம் கையில் இருந்தும், இறங்கிய அன்று தங்க இடம் தேடிக் கடைத்தெருவில் நிற்க வேண்டியிருந்தது. டிரான்ஸ்ஃபர் ஆர்டரோடு போய் ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்கு இந்த வலி புரியும்.

தமிழ் கற்க அவர் கண்டுபிடித்த வழி அபாரம். ஒரு வயதான திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தம் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அ, ஆ எழுத, நடுவில் ஐரோப்பிய உடுப்போடு 24 வயதுப் பையன் ஒருவன் சம்மணம் போட்டு அதையே எழுதுகிறான். பக்கத்துப் பையனின் மணலைப் பார்த்துக் காப்பி அடித்தாரா என்று வரலாறு சொல்லவில்லை. ஒரு சின்ன சிக்கல்: எழுத்து வந்துவிட்டது, வாசிக்கவும் வந்துவிட்டது, அர்த்தம் மட்டும் வரவில்லை. வாத்தியாருக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாதே! நம்மில் பல பேர் பத்து வருஷம் சமஸ்கிருத மந்திரம் சொன்ன அதே நிலைமை.

அர்த்தத்துக்கு வந்தவர் அழகப்பன். கம்பெனியில் துபாஷி வேலை பார்த்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பொளந்து கட்டுவார். ஐரோப்பியர் அவர் பெயரை ‘அலேப்பா’ ஆக்கிவிட்டார்கள். இவர் இல்லாவிட்டால் சீகன்பால்க் மணலோடு நின்றிருப்பார். அழகப்பனை மறக்காதீர்கள், பின்னால் ஒரு வேலை செய்யப்போகிறார்.

எட்டே மாதத்தில் ஐயருக்குப் பேச்சு வந்துவிட்டது. அப்புறம்தான் வினையே. பேசுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டு பிரசங்கத்துக்குப் போ என்று அனுப்பினால், இந்த ஆள் புத்தகம் படிக்க உட்கார்ந்துவிட்டார்! 1708ல் எழுதிய ஒரு கடிதத்தில் தம் டைம்டேபிளைச் சொல்கிறார். காலையில் சொல் மனப்பாடம். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்ப் புத்தகம். பக்கத்தில் ஒரு புலவர், ஒரு எழுத்தர். மூன்றிலிருந்து ஐந்து வரை மறுபடியும் தமிழ்ப் புத்தகம். இருட்டிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்கும் என்று, வேறொருவர் வாசிக்க இவர் கேட்பார். வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பாவுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தெரிந்தது, ஆனது, வருகிறேன்.

அந்தக் காலப் புத்தகம் வாசிப்பது சாதாரண காரியம் இல்லை சார். பனையோலை. எழுதுகிறவர் வலது கையில் எழுத்தாணியைப் பிடித்திருப்பார். கை அதிகம் நகராது. இடது கட்டைவிரல் ஓலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போகும். கீறி முடித்ததும் விளக்குக் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும். புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகிவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எ-வுக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. ‘பெண்’ணும் ‘பேண்’உம் ஒரே மாதிரி கிடக்கும், இடத்தைப் பார்த்து நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும். நம் அப்பா தலைமுறை தந்தி வாசகம் மாதிரி. பிறவித் தமிழனே தடுமாறும் இடத்தில் ஒரு சாக்ஸனிக்காரர் தொல்காப்பியம், திருக்குறள், சிவவாக்கியம் என்று இறங்கிக்கொண்டிருந்தார்.

ஓலை எங்கே கிடைத்தது? ஆள் விட்டுத் தேடினார். உள்நாட்டுக்குள் பல நாள் நடந்துபோகும் தூரத்துக்குத் தம் எழுத்தர்களை அனுப்பி, காலமான பிராமணர்களின் விதவைகளிடம் சல்லிசாக வாங்கி வரச் செய்தார். அக்கிரகாரப் பாட்டி ஒருத்தி, ‘இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன், பரண் காலியாகட்டும்’ என்று சுவடிக் கட்டை இறக்கிக் கொடுக்கும் காட்சி என் கண்ணில் நிற்கிறது. தாத்தா உயிரைக் கொடுத்துச் சேர்த்ததைப் பழைய பேப்பர் விலைக்குப் போடுவது 1708லேயே நம் மரபு.

இப்படிச் சேர்ந்த 119 தமிழ் நூல்களுக்கு ஐயர் ஒரு பட்டியல் போட்டார். பட்டியல் என்றால் வெறும் தலைப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விமர்சனம். எது கஷ்டம், எது பள்ளிப் பிள்ளைகள் படிப்பது, எது எதைப் பற்றியது என்று. வரும்போது ‘இவர்கள் நாகரிகம் அறியாத ஜனங்கள்’ என்று நினைத்து வந்ததையும், மொழி பிடிபட்டதும் அந்த நினைப்பு போய்விட்டதையும் தாமே ஒப்புக்கொள்கிறார். திருத்த வந்தவர் ஃபேன் ஆகிவிட்டார். முழு ஃபேன் என்று சொல்ல மாட்டேன். விக்கிரக வழிபாட்டைக் கண்டால் திட்டாமல் போக மாட்டார். காலையில் பிரசங்கத்தில் திட்டுவது, மத்தியானம் அதே சாமியின் கதையைக் கேட்டுக் குறிப்பெடுப்பது. சீரியலைத் திட்டிக்கொண்டே தவறாமல் பார்க்கும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

1708ல் மூன்று தமிழ் நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார்: நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி. கவனியுங்கள், கம்பராமாயணம் இல்லை, சிலப்பதிகாரம் இல்லை. தம் கிளாஸ்மேட்டுகளின் பாடப் புத்தகம்! மணலில் கூட உட்கார்ந்த ஆறு வயதுப் பிள்ளைகள் காலையில் கத்திக்கொண்டிருந்ததைத்தான் முதலில் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஜெர்மன் எழுத்தில் கொன்றை வேந்தன், ‘கொந்தெய் வெந்தென்’ ஆனது. இதில் ஒரு உள்குத்து. அவர் ஊருக்குப் பக்கத்துச் சீமையில் ஸ்லாவிய இனத்தார் இருந்தார்கள். ஜெர்மன்காரர் அவர்களுக்கு வைத்திருந்த பெயர் ‘வெந்தென்’. தலைப்பைப் பார்க்கிற புல்ஸ்னிட்ஸ்காரன், ஔவையார் ஏதோ பக்கத்து ஊர்ச் சங்கதியைப் பாடியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள முழு வாய்ப்பு இருந்தது. நல்லவேளை, அச்சாகவில்லை. 222 வருஷம் கழித்து, 1930ல், காலாந்த் என்ற டச்சுப் பேராசிரியர் அச்சுப் போட்டார். எல்.கே.ஜி. ரைம்ஸ் புத்தகம் இவ்வளவு வருஷம் பென்டிங்கில் இருந்தது வேறு எந்தத் தேசத்திலும் இல்லை.

அதே வருஷக் கடைசியில் ஒரு விதவையின் கடன் வழக்கில் மூக்கை நுழைத்தார். கவர்னர் ஹாஸியுஸ் இதற்காகவே காத்திருந்தவர் போல, ராஜா அனுப்பிய ஆளைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் நாலு மாதம் உள்ளே வைத்தார். ராஜா நாலாயிரம் மைலுக்கு அப்பால். கவர்னர் நாலு தெரு தள்ளி. நம் ஊரில் தாசில்தாருக்கு இருக்கிற பவர் முதலமைச்சருக்கு இருக்கிறதா என்ன?

வெளியே வந்த ஐயர் தஞ்சாவூர்ச் சீமைக்குள் போய்ப் பார்க்க ஆசைப்பட்டு, நம் ஊர் உடுப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார். எல்லை தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், ‘சாமி, பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள், திரும்பிப் போங்கள்’ என்று ஜனங்களே சொல்லித் திருப்பிவிட்டார்கள். பெரிய கோயிலின் ஊரை எட்டமுடியவில்லை. தஞ்சாவூர்க் கதையெல்லாம் எழுதியவர் தஞ்சாவூரைப் பார்த்ததில்லை.

பார்க்காவிட்டால் என்ன, லெட்டர் போட்டுக் கேட்டார்! உங்கள் சாமி யார், சடங்கு என்ன, மறுபிறவி எப்படி, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று தமிழர்களுக்குக் கேள்வி அனுப்பி, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனியில் ஹாலே நகருக்கு அனுப்பினார். இவை அங்கே 99 கடிதங்களாக அச்சாயின. ‘எங்களைப் பற்றி’ என்ற கேள்வியை அவர் தவிர்த்திருக்கலாம். மாட்டுக்கறி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் என்றால் என்னவென்று தெரியாது, இதில் எங்களுக்கு உபதேசம் வேறா என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் மொழிபெயர்த்து அனுப்பினாரே, அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

ஐரோப்பிய வாசகர்கள் அசந்துபோனார்கள். மலபார் தேசமே பேனா பிடித்து நமக்குப் பதில் எழுதுகிறது! ஆனால் இந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை அழகப்பனின் கைவரிசைதான் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். மறக்காதீர்கள் என்று சொன்னேனே! ஒரே ஆள் உட்கார்ந்து, ஒரு நாள் பக்தராக, ஒரு நாள் கோபக்காரராக, ஒரு நாள் சந்தேகப் பிராணியாக எழுதித் தள்ளியிருக்கிறார். ஃபேக் ஐடி என்ற கலைக்குத் தரங்கம்பாடியில் ஒரு நடுகல் வைக்கலாம்.

இந்தக் கடிதம், அந்த ஓலை, புலவர் வாய்ப்பேச்சு எல்லாவற்றையும் பிழிந்து 1713ல் ஐயர் எழுதி முடித்ததுதான் ‘மலபார் தெய்வங்களின் வம்சாவளி’. இதுதான் அந்தப் பார்சல். நாலு பாகம். உச்சியில் பராபரவஸ்து, அடுத்து மும்மூர்த்திகளும் அவர்கள் குடும்பமும், மூன்றாவதில் ஐயனார், மாரியம்மன், எல்லம்மன், பிடாரி என்று கிராம தேவதைகள், கடைசியில் தேவர், ரிஷி வகையறா. யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எந்த வாகனம், எந்தத் திருவிழா எல்லாம் உண்டு. விஷ்ணு சிவனுக்கு மச்சான் என்ற உறவுமுறையெல்லாம் ஒரு லுத்தரன் பாதிரியார் ஜெர்மனில் பொறுமையாக விளக்கி எழுதுகிறார். கல்யாணத் தரகர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்.

எனக்குப் பிடித்தது மூன்றாம் பாகம். பண்டிதர்களிடம் கேட்டால் பிடாரியைப் பற்றியெல்லாம் பேசவே மாட்டார்கள். ‘அதெல்லாம் சின்ன சாமி’ என்று மூக்கைச் சுளிப்பார்கள். இவருக்கு அந்த வித்தியாசம் உறைக்கவில்லை. எல்லாமே தவறு என்று நம்பியவருக்கு எது பெரிய தவறு, எது சின்னத் தவறு? அதனால் ஊர் எல்லையில் மண் குதிரையோடு நிற்கும் ஐயனாருக்கும் சமமாகப் பக்கம் ஒதுக்கிவிட்டார்.

முருகனுக்கு வள்ளி, தெய்வானை என்று இரண்டு பெண்டாட்டி என்ற விவரத்தையும் எழுதுகிறார். எழுதியவர் யார் சம்பளத்தில்? நாலாம் ஃபிரெடெரிக் சம்பளத்தில். அந்த மகானுபாவரோ 1712ல், பட்டத்து ராணி லூயிஸா கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருக்கும்போதே, ஆன்னா சோஃபி ரெவெண்ட்லோவ் என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய் ‘இடது கைக் கல்யாணம்’ பண்ணிக்கொண்டவர். இடது கை என்றால் கணக்கில் பாதி என்று அர்த்தம் போலிருக்கிறது. நம்மவர்களுக்கு இது தெரிந்திருந்தால், வள்ளி திருமண நாடகத்தைக் கோபன்ஹேகனில் போட்டு ராஜாவை முதல் வரிசையில் உட்காரவைத்திருப்பார்கள்.

கையெழுத்துப் பிரதி ஹாலேக்குப் போனது. அங்கே பெரியவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. அநாதை இல்லம், பள்ளிக்கூடம், அச்சகம், மருந்துக்கடை என்று ஒரு சாம்ராஜ்யமே நடத்தியவர், மகா நல்லவர், சிரித்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அஞ்ஞானத்தை வேரோடு பிடுங்க உங்களை இந்தியாவுக்கு அனுப்பினால், அதே அஞ்ஞானத்தை இங்கே பரப்புகிறீர்களே என்ற பொருளில் அவர் சொன்னதாகச் சொல்கிறார்கள். பெரியவருக்கு உள்ளூரப் பயம்தான். ஜெர்மன் பிள்ளைகள் பைபிளை மூடிவைத்துவிட்டு யானைமுகக் கதை கேட்க ஆரம்பித்தால்? பயம் நியாயமானது. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது, பைபிளுக்குப் பதில் கணக்குப் புத்தகம்.

இதற்கிடையில் அச்சு இயந்திரம் ஒன்றை லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சபை அனுப்பிவைத்தது. வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தார்கள்; அச்சுக்காரர் கடலிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்; இயந்திரம் மட்டும் தரங்கம்பாடிக்கு வந்தது. ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்தும் வந்தது. வார்த்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு எழுத்தும் கல்யாணப் பந்தல் போர்டு சைஸ்! பைபிள் புதிய ஏற்பாட்டை அதில் அடித்தால் காகிதம் மொத்தமும் தீர்ந்துவிடும். முதல் பகுதி 1714ல் வந்ததும் எல்லாரும் தலையில் கை வைத்தார்கள். அப்போது அச்சுக்கூடத்து ஆட்லர் கண்ணில் பட்டது, லண்டன் சபை அன்போடு அனுப்பிவைத்திருந்த செஷயர் சீஸ். சீஸ் டப்பாவின் ஈய மூடியை உருக்கிச் சின்ன எழுத்து வார்த்தார். மீதிப் பகுதி 1715ல் வெளியானது. ஆக, அந்தத் தமிழ் எழுத்து இங்கிலீஷ் பாலாடைக்கட்டிக்குக் கடன்பட்டது. (‘தமிழில் முதல் அச்சு’ என்று தரங்கம்பாடியில் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். 1578லேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. ஆனால் அதில் சீஸ் இல்லை.)

இந்தப் புதிய ஏற்பாட்டின் தமிழ் எப்படி இருந்தது? இதற்குக் கொள்ளிடக் கரைப் பக்கம் ஏலாக்குறிச்சியில் ஒருவர் பதில் வைத்திருந்தார். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, இத்தாலிக்காரர், ஏசு சபை, பிற்பாடு வீரமாமுனிவர். தரங்கம்பாடித் தமிழைக் கிழிகிழி என்று கிழித்தார். லுத்தரன்களைத் தாக்கித் தனிப் புத்தகமே போட்டார். ஒரு இத்தாலிக்காரரும் ஒரு ஜெர்மன் கோஷ்டியும், ‘உனக்குத் தமிழ் தெரியுமா, எனக்குத் தமிழ் தெரியுமா’ என்று காவிரிக்கரையில் மல்லுக்கட்டியதை நினைத்தால் புல்லரிக்கிறது. தமிழ்ப் புலவர் ஆவதற்கு முதல் தகுதி இன்னொரு தமிழ்ப் புலவரைத் திட்டுவது என்பதை இருவருமே சரியாகக் கற்றிருந்தார்கள்.

ஆனால் பெஸ்கியின் தமிழுக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. 1726ல் தேம்பாவணி, 1732ல் சதுரகராதி. ‘பெண்’ணுக்கும் ‘பேண்’உக்கும் வித்தியாசம் தெரிகிற மாதிரி எழுத்தைத் திருத்தியவரும் அவரே என்பார்கள். கூடவே ஒரு காரியம்: பரமார்த்த குரு கதையைத் தமிழில் எழுதி லத்தீனிலும் தந்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குகிற கோஷ்டி. 1822ல் லண்டனில் இங்கிலீஷோடு அச்சேறியது. ஃபேன்டஸி ஏற்றுமதியில் சீகன்பால்க் பார்சல் பரணில் கிடக்க, பெஸ்கி பார்சல் முந்திக்கொண்டது. சிரிப்புக்கு எப்போதும் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் சீக்கிரம்.

நம் ஐயர் 1714ல் ஐரோப்பாவுக்கு ஒரு நடை போனார், மலையப்பன் என்ற தமிழ் இளைஞரை உடன் கூட்டிக்கொண்டு. ராஜாவைப் பார்க்கவேண்டுமே! ராஜா அரண்மனையில் இல்லை; ஸ்ட்ரால்சுண்டில் சுவீடன்காரரை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தார். போர்க்களத்துக்கே போய்ப் பார்த்தார்கள். குளிர், சேறு, பீரங்கிச் சத்தம்; நடுவில் டெல்டாப் பையன் மலையப்பன். அவர் வீட்டுக்கு என்ன எழுதியிருப்பார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாளாக ஆசை. வந்த இடத்தில் ஐயர் கல்யாணமும் பண்ணிக்கொண்டு, 1716ல் ஹாலேயில் இலக்கணத்தையும் அச்சுப் போட்டுவிட்டு, தரங்கம்பாடி திரும்பினார்.

1714ல் ராஜா கோபன்ஹேகனில் இந்த வேலைகளுக்கென்று ஒரு மிஷன் ஆபீஸ் திறந்திருந்தார். அதற்கு இரண்டு ஏரியா: ஒன்று தரங்கம்பாடி, இன்னொன்று நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க், சாமி இன மக்கள். ஒரே மேசையில் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் பனி. நார்வே ஏரியாவுக்குப் போன தாமஸ் ஃபோன் வெஸ்டென், சாமிப் பூசாரிகளின் மாயப் பறைகளைச் சுமார் நூறு சேர்த்தார். பெரும்பாலானவை 1728 கோபன்ஹேகன் தீவிபத்தில் சாம்பல். நம் ஏரியா ஆள் பறையைத் தொடவில்லை. கதையைக் காப்பி எடுத்தார், அவ்வளவுதான்.

அந்த ஆபீஸின் செயலாளர் வென்ட் என்பவருக்கு இது எதுவும் ரசிக்கவில்லை. பன்னிரண்டு அப்போஸ்தலர்களும் சர்ச் கட்டினார்களா, பெண்டாட்டி, வீடு, சம்பளம் என்று கேட்டார்களா, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு செலவு என்ற பாணியில் கடிதம் மேல் கடிதம். 1718ல்தான் ராஜ வீதியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்திருந்தார் ஐயர், இன்றும் நிற்கிறது. உடம்பு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. கடிதங்கள் மனசையும் எடுத்துக்கொண்டன. 1719 பிப்ரவரி 23ல் காலமானார். வயது 36. கொன்றை வேந்தனில் தொடங்கியவரைக் கொன்றது வென்ட் என்று எழுத என் கை துடிக்கிறது; வயிற்றுக் கோளாறும் பங்குக்கு இருந்தது என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

பார்சல் பரணிலேயே கிடந்தது. 1814ல் டென்மார்க் ராஜா நார்வேயைச் சுவீடனிடம் இழந்தார். 1845ல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரருக்கு விற்றார்கள். 1867ல் கெர்மன் என்ற ஒரு ஜெர்மன் பாதிரியார் – ஆமாம், பெயரே கெர்மன் – வம்சாவளியைக் கண்டுபிடித்து அச்சுக்குக் கொடுத்தார். எங்கே? பெர்லினிலா, ஹாலேயிலா? மெட்ராஸில்! 154 வருஷம் கழித்து, ஐயனாரும் பிடாரியும் ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டு சொந்த ஊருக்கே திரும்பினார்கள். வாங்கிப் படிக்க ஜெர்மன் தெரிந்தவர்கள் மெட்ராஸில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? இரண்டு வருஷத்தில் அவசர அவசரமாக இங்கிலீஷில் பெயர்த்தார்கள்.

போன மாசம் தரங்கம்பாடி போயிருந்தபோது, கோட்டைக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டே கடைக்காரரிடம் கேட்டேன், ‘அண்ணே, சீகன்பால்கு ஐயர் யாரு?’

‘அவரா? வெளியூரு’ என்றார் அவர், சில்லறையை எண்ணிக்கொண்டே. ‘ஆனா தமிழ் நல்லாப் பேசுவாராம்.’